கல்லீரல் கொழுப்பு 12 சதவீதமா, 20 சதவீதமா? எம்.ஆர்.ஐ சொல்ற நம்பரை எவ்வளவு நம்பலாம்?

வீட்டு எடை மெஷினில் ஏறி நின்றால் 'பாடி ஃபேட் 24%' என்கிறது. ஜிம்மில் இருக்கும் மெஷின் 21% என்கிறது. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் 27% என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு சோக ஸ்மைலியையும் போடுகிறது. ஒரே ஆள், ஒரே நாள், மூன்று பதில். எதை நம்புறதுன்னு நீங்க குழம்பியிருந்தா, அது நியாயமான குழப்பம்தான்.

இந்தக் கருவிகள் எதுவும் கொழுப்பை நேரில் பார்ப்பதில்லை. உடம்புக்குள் மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்க்கின்றன. அதிலிருந்து தண்ணீர் இவ்வளவு இருக்கும், அப்போ கொழுப்பு இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணிப்பு. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டு ஏறினாலோ, வியர்க்க வியர்க்க ஓடிட்டு வந்து ஏறினாலோ நம்பர் மாறத்தான் செய்யும்.

அதுகூடப் பரவாயில்லை. மொத்தக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது? தோலுக்கு அடியில் இருப்பது பேன்ட் சைஸை மாற்றும், பெரும்பாலும் அவ்வளவுதான். கல்லீரலுக்குள்ளும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் சேர்வதுதான் சர்க்கரை நோய், இதய நோய் என்று வேலையைக் காட்டும்.

இந்தியர்களான நமக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் போட்டோ வெளியானது. ஒருவர் புனே கே.இ.எம் மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ ஒன்றேதான், 22.3. சார்ட்டைப் பார்த்தால் இரண்டு பேருமே 'நார்மல்'. ஆனால், உடல் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளுக்குள் கொழுப்பு. 'நான்தான் ஒல்லியா இருக்கேனே, எனக்கு எப்படி ஃபேட்டி லிவர்?' என்று கேட்கும் பலருக்கும் அந்தப் போட்டோவிலேயே பாதி பதில் இருக்கிறது.

கண்ணாடியும் எடை மெஷினும் சொல்லாததை எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலானவர்களுக்குத் தெரியவருவது அல்ட்ராசவுண்டில்தான். மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று ஒரு வரி இருக்கும். கொழுப்பு சேர்ந்த கல்லீரல், அல்ட்ராசவுண்ட் திரையில் பக்கத்துச் சிறுநீரகத்தைவிடப் பளிச்சென்று தெரியும். எவ்வளவு பளிச் என்பதை டாக்டரின் கண்தான் முடிவு செய்கிறது. கொழுப்பு லேசாக இருந்தால் தவறிப்போகும். ஆறு மாதம் டயட் இருந்து, கொழுப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் அல்ட்ராசவுண்ட் அதே 'கிரேடு 1'-ஐயே சொல்லக்கூடும்.

ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி வேறு ரகம். மைக்ரோஸ்கோப்பில் கொழுப்பை நேரடியாகப் பார்க்கலாம். ஆனால், ஊசியில் வருவது மொத்தக் கல்லீரலில் சுமார் 50,000-ல் ஒரு பங்குதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கல்லீரல் அப்படி ஒரே சீராக வெந்த சோறு இல்லை. இங்கே கொஞ்சம், அங்கே நிறைய என்றுதான் கொழுப்பு படியும். வலி, ரத்தக்கசிவு ஆபத்து வேறு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பயாப்ஸி பண்ணுங்கன்னு யாரிடமும் சொல்ல முடியாது.

இங்கேதான் எம்.ஆர்.ஐ வருகிறது. ஊசி இல்லை, எக்ஸ்-ரே கதிர்வீச்சு இல்லை, கொழுப்பை மட்டும் அளக்க மருந்து ஏற்றவும் தேவையில்லை. மொத்தக் கல்லீரலையும் ஒரே மூச்சில் அளந்துவிடலாம். 'ஒரே மூச்சில்' என்பது இங்கே பேச்சுக்குச் சொல்வதல்ல. 15, 20 விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டால் அந்த அளவீடு முடிந்துவிடும்.

ஆனால், எம்.ஆர்.ஐ சொல்லிவிட்டதாலேயே அந்த நம்பர் வேதவாக்கு ஆகிவிடாது. அது நம்பகமான நம்பராக மாற, ஆராய்ச்சியாளர்கள் கிட்டத்தட்ட 30 வருஷம் மெனக்கெட வேண்டியிருந்தது.

பிரகாரத்தைச் சுற்றும் இரண்டு பேர்

நம் உடம்பில் தண்ணீரிலும் ஹைட்ரஜன் இருக்கிறது, கொழுப்பிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. எம்.ஆர்.ஐ கேட்பது இந்த ஹைட்ரஜனின் குரலைத்தான். பெரிய காந்தத்துக்குள் போனதும் ஹைட்ரஜனின் கருக்கள் பம்பரம் மாதிரி தலையை ஆட்டிச் சுழல ஆரம்பிக்கும். மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் 1.5 டெஸ்லா மெஷினில் நொடிக்குச் சுமார் 6.4 கோடி சுற்று.

கொழுப்பில் உள்ள ஹைட்ரஜன் மட்டும் துளி மெதுவாகச் சுழலும். அதைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான் போர்வை சற்றுத் தடிமன். காந்தத்தின் பிடியைக் கொஞ்சம் தடுத்துவிடுகிறது. தண்ணீரில் அந்தப் போர்வையை ஆக்ஸிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் தடுப்பு குறைவு. வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 6.4 கோடி சுற்றில் சுமார் 220 சுற்று. அவ்வளவுதான். கொழுப்பை அளக்கும் மொத்த வித்தையும் இந்த 220-ஐ நம்பித்தான் நிற்கிறது.

கோயில் பிரகாரத்தை இரண்டு பேர் சுற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொஞ்சம் வேகம், ஒருவர் கொஞ்சம் மெதுவு. சேர்ந்து கிளம்பினாலும் சிறிது நேரத்தில் ஒருவர் கொடிமரத்துப் பக்கமும் இன்னொருவர் நேரெதிரே பின்பக்கமும் இருப்பார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேகமானவர் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டுவிட்டு மறுபடி தோளோடு தோள் சேர்ந்துவிடுவார். தண்ணீரும் கொழுப்பும் அப்படித்தான். 1.5 டெஸ்லாவில் 2.3 மில்லிசெகண்டில் எதிரெதிரே இருக்கும், 4.6 மில்லிசெகண்டில் ஒன்றுசேரும். ஒன்றுசேரும்போது இரண்டின் சிக்னலும் கூடும். எதிரெதிரே நிற்கும்போது ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும்.

1984-ல் தாமஸ் டிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிடித்தது இந்த முடிச்சைத்தான். சேர்ந்திருக்கும்போது ஒரு படம், எதிரே இருக்கும்போது ஒரு படம். மிச்சம் ஆறாம் வகுப்புக் கணக்கு. முதல் படத்தில் சிக்னல் 100, இரண்டாவதில் 60 என்றால், தண்ணீரும் கொழுப்பும் கூட்டினால் 100, கழித்தால் 60. அப்போது தண்ணீர் 80, கொழுப்பு 20. கல்லீரலில் கொழுப்பு 20 சதவீதம். முடிஞ்சது வேலை!

முடியலையே. இந்த அழகான கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் இருந்தன. முதல் ஓட்டை, கணக்கைப் பார்த்ததும் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். தண்ணீர் 20, கொழுப்பு 80 என்றாலும் வித்தியாசம் அதே 60-தான். யார் பெரியவர் என்று இந்தப் படம் சொல்லாது. கல்லீரலில் கொழுப்பு பாதியைத் தாண்டுவது அபூர்வம் என்பதால் அங்கே ஒப்பேற்றிவிடலாம். எலும்பு மஜ்ஜையிலும் தோலடியிலும் அந்தச் சலுகை கிடையாது.

சில நேரம் இன்றைய மென்பொருள்களும் இதே இடத்தில் தடுமாறும். காந்தப்புலம் சீராக இல்லாத மூலைகளில், தண்ணீரைக் கொழுப்பு என்றும் கொழுப்பைத் தண்ணீர் என்றும் மாற்றி எழுதிவிடும். கல்லீரலின் மேல் ஓரம் திடீரென்று 90 சதவீதம் கொழுப்பு என்று காட்டும். படத்தைப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் உடனே பிடித்துவிடுவார். நம்பரை மட்டும் பார்ப்பவர் பதறிப்போவார்.

இரும்பு செய்யும் கள்ளத்தனம்

எல்லா ஓட்டைகளிலும் பெரியது இரும்பு. கல்லீரல்தான் உடம்பின் இரும்புச்சத்துக் கிடங்கு. இரும்பு, பக்கத்தில் உள்ள ஹைட்ரஜனின் சிக்னலை வேகமாக அணைத்துவிடும். கிடங்கில் சரக்கு அதிகமானால் சிக்னல் இன்னும் சீக்கிரம் அணையும்.

இதற்கும் கொழுப்புக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? கழித்தல் படம் முதலில், 2.3 மில்லிசெகண்டில் எடுக்கப்படுகிறது. கூட்டல் படம் அதற்குப் பிறகு, 4.6-ல். பின்னால் எடுப்பதற்குள் சிக்னல் இன்னும் அதிகமாக அணைந்திருக்கும். மேலே பார்த்த அதே 20 சதவீதக் கல்லீரலில் ஓரளவு இரும்பும் சேர்ந்திருக்கிறது என்று வைப்போம். 100 வர வேண்டிய இடத்தில் 63 வரும். 60 வர வேண்டிய இடத்தில் 48 வரும். இப்போது கணக்குப் போடுங்கள்: 63-லிருந்து 48 போனால் 15, அதில் பாதி 7.5. அதை 63-ஆல் வகுத்தால் 12 சதவீதம்!

உண்மையில் இருப்பது 20, ரிப்போர்ட் சொல்வது 12. மெஷினில் பழுது இல்லை, டெக்னீஷியன் தப்பு பண்ணவில்லை. இரும்பு எட்டு சதவீதத்தை மறைத்துவிட்டது. இரும்பு இன்னும் அதிகமானால் கொழுப்பு பூஜ்யத்துக்கும் கீழே போய் 'மைனஸ்' காட்டும் கூத்தும் நடக்கும்.

அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் பிரச்னை மட்டுமல்ல இது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் கணிசமானோருக்கு லேசான இரும்புச் சேர்க்கையும் சேர்ந்தே இருக்கும். அதாவது, யாருக்குத் துல்லியமான அளவு அதிகம் தேவையோ, அவர்களிடம்தான் பழைய முறை அதிகம் ஏமாந்தது.

இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு பிழையும் உண்டு. ஒவ்வொரு தடவை சிக்னல் வாங்கிய பிறகும் ஹைட்ரஜன் பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கொழுப்பு சீக்கிரம் திரும்பிவிடும், தண்ணீர் தாமதிக்கும். மெஷின் அவசரப்பட்டு அடுத்த தட்டு தட்டினால், தயாராக இருக்கும் கொழுப்பு பலமாகவும், இன்னும் தயாராகாத தண்ணீர் பலவீனமாகவும் குரல் கொடுக்கும். கொழுப்பு அதிகம் என்ற மாயை பிறக்கும்.

ஒன்று கூட்டிக் காட்டுகிறது, ஒன்று குறைத்துக் காட்டுகிறது. சில ஆட்களிடம் இரண்டும் சமன் செய்துகொண்டு சரியான விடை வந்துவிடும்! பால்காரர்களின் பழைய தந்திரம் ஒன்று உண்டு. பாலில் தண்ணீர் ஊற்றினால் லாக்டோமீட்டர் அளவு இறங்கும். ஏட்டை எடுத்துவிட்டால் அளவு ஏறும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் லாக்டோமீட்டர் 'நல்ல பால்' என்று சர்டிஃபிகேட் கொடுத்துவிடும். தற்செயலாகச் சரியாக வரும் எம்.ஆர்.ஐ நம்பரும் அந்த சர்டிஃபிகேட் மாதிரிதான். அடுத்த ஆளிடம் கதை மாறிவிடும்.

ஓட்டைகளை அடைத்தது எப்படி?

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ரீடர், சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிளாட் சிர்லின் ஆகியோரின் குழுக்கள் உட்படப் பலர், 2000-க்குப் பிறகு இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். இரண்டு படத்துக்குப் பதிலாக, அடுத்தடுத்து ஆறு முறை சிக்னலைப் பதிவு செய்தால் அது எந்த வேகத்தில் அணைகிறது என்பதையே அளந்துவிடலாம். அந்த அணைதலைக் கணக்கில் சரிக்கட்டினால் மறைந்திருந்த 20 வெளியே வந்துவிடும். இதில் ஒரு போனஸும் உண்டு. அணையும் வேகம் தெரிந்தால் கல்லீரலில் இரும்பு எவ்வளவு என்பதும் அதே மூச்சில் தெரிந்துவிடும். தொந்தரவாக இருந்ததே தகவலாகிவிட்டது.

அவசரத் தட்டு பிரச்னைக்கு வைத்தியம் எளிது. மெதுவாகத் தட்டினால் போதும். ஹைட்ரஜனைப் பெரிய கோணத்தில் சாய்க்காமல் மூன்று, நான்கு டிகிரி மட்டும் சாய்த்தால் தண்ணீரும் கொழுப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தயாராகிவிடும். சிக்னல் கொஞ்சம் பலவீனமாகும், படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெரியும். பார்க்க அழகான படம் வேண்டுமா, சரியான நம்பர் வேண்டுமா என்றால் இங்கே நம்பர்தான் வேண்டும்.

மூன்றாவது திருத்தம் கொழுப்பைப் பற்றிய புரிதலிலேயே நடந்தது. டிக்சன் கணக்கில் கொழுப்பு ஒரே வேகத்தில் சுற்றும் ஒரே ஆள். நிஜத்தில் கொழுப்பு மூலக்கூறு நீளமான சங்கிலி. அதன் வெவ்வேறு இடங்களில் உள்ள ஹைட்ரஜன்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். சிக்னலில் சுமார் 70 சதவீதம்தான் அந்த முக்கிய வேகத்தில் வருகிறது. மிச்சம் இங்கும் அங்கும் சிதறிக் கிடக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு கிட்டத்தட்டத் தண்ணீரின் வேகத்திலேயே சுற்றி, தண்ணீர் வேஷத்தில் தப்பித்துவிடும். இப்போது ஆறு வேகங்களையும் அவற்றின் பங்குகளையும் முன்கூட்டியே மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதித்தார்கள்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொழுப்பு இத்தனை சதவீதம் என்று முன்பே நிச்சயமாகத் தெரிந்த 'போலிக் கல்லீரல்' வேண்டும். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது கடலை எண்ணெய்! ஆமாம், நம்ம வீட்டு வாணலியில் ஊற்றுகிற அதே கடலை எண்ணெய். அதன் ஹைட்ரஜன் வேகங்கள் மனிதக் கொழுப்பின் வேகங்களோடு நன்றாக ஒத்துப்போகும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலந்து, அகர் போட்டு ஜெல்லி மாதிரி உறையவைத்து, 10 சதவீதம், 20 சதவீதம் என்று வரிசையாக பாட்டில்களில் அடைத்து எம்.ஆர்.ஐ-க்குள் வைப்பார்கள். அதில் மிக நுண்ணிய இரும்புத் துகளையும் கலந்து, வேண்டுமென்றே மெஷினை ஏமாற்றிப் பார்த்தார்கள். இரும்பு, அவசரத் தட்டு, ஆறு வேகம் ஆகிய மூன்றையும் திருத்தியபோதுதான் பாட்டிலில் இருப்பதும் திரையில் வருவதும் ஒத்துப்போயின.

இந்தச் சோதனையிலும் ஒரு பொடி வைத்த இடம் உண்டு. தண்ணீர் ஹைட்ரஜனின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தும் நூலளவு மாறும். உடம்பு 37 டிகிரி. ஏ.சி அறையில் இருக்கும் பாட்டில் 20, 22 டிகிரி. அதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் சோதனையே தப்பாகிவிடும்.

இவ்வளவு திருத்தங்களும் செய்த பிறகு கிடைக்கும் நம்பருக்குத்தான் பி.டி.எஃப்.எஃப் என்று பெயர். புரோட்டான் அடர்த்திக் கொழுப்புப் பங்கு என்பதன் சுருக்கம். ரிப்போர்ட்டில் இந்த நான்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்க. வெறும் 'ஃபேட் ஃப்ராக்‌ஷன்' என்று மட்டும் இருந்தால், அது இரண்டு படத்தை வைத்துப் போட்ட பழைய கணக்காகவும் இருக்கலாம்.

20 சதவீதம்னா கம்மிதானே?

இல்லை! நம்மில் பலர் ஏமாறும் இடம் இது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் வரும் சதவீதமும் எம்.ஆர்.ஐ சதவீதமும் வேறு வேறு. பயாப்ஸி பார்ப்பது, 100 கல்லீரல் செல்களில் எத்தனை செல்களில் கொழுப்புத் துளி இருக்கிறது என்பதை. எம்.ஆர்.ஐ பார்ப்பது, மொத்த ஹைட்ரஜன் சிக்னலில் கொழுப்பின் பங்கு எவ்வளவு என்பதை. தெருவில் எத்தனை வீட்டில் கார் நிற்கிறது என்பதும், தெருவின் பரப்பில் எத்தனை சதவீதத்தைக் கார்கள் அடைத்திருக்கின்றன என்பதும் ஒரே கணக்கா என்ன?

அதனால் பயாப்ஸியில் 60 சதவீதம் என்று வரும் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ-யில் 20-ஐ ஒட்டித்தான் வரக்கூடும். எம்.ஆர்.ஐ-யில் சுமார் 5 சதவீதத்தைத் தாண்டினாலே ஃபேட்டி லிவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் டல்லஸ் நகர மக்களிடம் நடந்த ஆய்விலிருந்து 2005-ல் வந்த 5.56 என்ற எல்லைதான் பல கட்டுரைகளில் இன்னும் சுற்றுகிறது. 17-ஐ நெருங்கினால் நடுத்தரம், 22-ஐத் தாண்டினால் தீவிரம் என்பது ஏறக்குறைய ஒரு கணக்கு. எக்ஸாம் மார்க் மாதிரி 100-க்கு 20 என்று நினைத்து நிம்மதியாகிவிடக் கூடாது.

அடுத்தது, 'குறைஞ்சிருக்கா?' என்ற கேள்வி. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் 'ரேடியாலஜி' இதழில் வெளியான அலசல்படி, ஒரே மெஷினில் திரும்ப அளந்தாலே சுமார் 3 சதவீதப் புள்ளி வரை முன்பின்னாக வரலாம். மெஷினோ கம்பெனியோ மாறினால் சுமார் 4. அப்படியென்றால் போன தடவை 9, இந்தத் தடவை 7.5 என்று வந்ததற்கு ட்ரீட் வைப்பது கொஞ்சம் அவசரம். அதேபோல 7-லிருந்து 8.5 ஆனதற்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதும் தேவையில்லை. 20-லிருந்து 13-க்கு வந்தால்? அது நிஜமான இறக்கம். மருந்து ஆய்வுகளில், இருந்த கொழுப்பில் 30 சதவீதமாவது குறைந்தால், அதாவது 20 என்பது 14 ஆனால், கல்லீரலுக்கு உள்ளேயும் முன்னேற்றம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்க்கிறார்கள். ஃபேட்டி லிவரின் முற்றிய வகைக்கென்று 2024 மார்ச்சில் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோம் மருந்தின் ஆய்வுகளிலும் இந்த எம்.ஆர்.ஐ அளவைப் பயன்படுத்தினார்கள். அளவுகோல் ஆடினால், மருந்து வேலை செய்ததா இல்லையா என்ற தீர்ப்பும் ஆடும்.

அளவு தப்பினால் விலை கொடுப்பவர்கள் இன்னொரு கூட்டமும் உண்டு. அப்பாவுக்கோ தம்பிக்கோ தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வருபவர்கள். கொழுப்பு அதிகமுள்ள கல்லீரலை வெட்டிக் கொடுத்தால் கொடுப்பவருக்கும் ஆபத்து, வாங்குபவருக்கும் ஆபத்து. குறைத்துக் காட்டினால் ஒரு தப்பான அறுவை சிகிச்சை நடக்கும். கூட்டிக் காட்டினால், கொடுக்கத் தகுதியான ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேறு ஆள் கிடைக்கும்வரை ஒரு குடும்பம் காத்திருக்கும்.

நீங்க ஸ்கேனுக்குப் போறதா இருந்தா...

முதலில், ஃபேட்டி லிவர் என்று சொன்ன எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ தேவையில்லை. ஆயிரக்கணக்கில் செலவாகும் பரிசோதனை அது. ரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் பார்த்து, டாக்டர் கேட்டால் மட்டும் போனால் போதும்.

போகும்போது உங்க கையிலும் கொஞ்சம் துல்லியம் இருக்கிறது. மூச்சைப் பிடிக்கச் சொல்லும்போது நடுவில் விட்டுவிட்டால் கல்லீரல் மேலும் கீழும் நகர்ந்து படம் கலங்கும். வீட்டிலேயே 20 விநாடி மூச்சை அடக்கி நாலு தடவை பழகிட்டுப் போங்க. முடியாதவர்களுக்குச் சில சென்டர்களில் மூச்சு விட்டபடியே எடுக்கும் முறையும் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமீபத்தில் டிரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றியிருந்தாலோ, அடிக்கடி ரத்தம் ஏற்றுபவராக இருந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏன் என்பதுதான் உங்களுக்கு இப்போது தெரியுமே. எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும் என்று அவர்கள் சொல்வதை இரண்டு தடவையும் ஒரே மாதிரி பின்பற்றுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும், அளவு எங்கே எடுத்தார்கள் என்று பாருங்க. கல்லீரலை ஒன்பது பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ரத்தக் குழாயைத் தவிர்த்து ஒரு வட்டம் போட்டு, எல்லாவற்றின் சராசரியைச் சொன்னால் அது நல்ல ரிப்போர்ட். ஒரே ஒரு வட்டம் என்றால், பயாப்ஸியின் 'ஒரு சோறு' பிரச்னை வேறு ரூபத்தில் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுப்பதாக இருந்தால் அதே சென்டர், அதே மெஷின், அதே முறை. ஆஃபர் போட்டிருக்கிறார்கள் என்று இடத்தை மாற்றினால், கொழுப்பு மாறியதா மெஷின் மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று, டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது. பி.டி.எஃப்.எஃப் கொழுப்பை மட்டும்தான் அளக்கும். கல்லீரல் தழும்பேறி இறுகியிருக்கிறதா என்பதை அது சொல்லாது. நாளைக்குப் பெரிய பிரச்னை வருமா என்பதைக் கொழுப்பைவிட அந்த இறுக்கம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. அதைப் பார்க்க ஃபைப்ரோஸ்கேனோ, எம்.ஆர் எலாஸ்டோகிராஃபியோ தனியாகச் செய்ய வேண்டும். கல்லீரல் முற்றிலும் கெட்டு சிரோசிஸ் ஆகும் கட்டத்தில், உள்ளே இருக்கும் கொழுப்பு தானாகவே கரைந்து நம்பர் இறங்குவதும் உண்டு. எடையையும் குறைக்காமல், மருந்தும் எடுக்காமல் 18 சதவீதம் திடீரென்று 6 ஆகியிருந்தால், அந்த ரிப்போர்ட்டை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்க.